ஊரிலேயே இருக்கும் பையனுக்குப் பெண் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்? (சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவர்கள் வந்து பேசுங்கள்)

கமுனிங்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். வயது 28. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அண்ணனுக்கு 31. அவர் ஊரில் அப்பா அம்மாவோடு இருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சொந்த லோரி, கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது.

அண்மையில் அவருக்கு வந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. பெண் வீட்டார் மரியாதையாகத்தான் பேசினார்கள். தரகரிடம் சொல்லி அனுப்பிய காரணம் ஒன்றே ஒன்று: "பையன் ஊர்லயே இருக்காரே." குடிப்பாரா, கடன் எவ்வளவு, அப்பா அம்மாவிடம் எப்படி நடந்துகொள்வார், எதையும் விசாரிக்கவில்லை.

இதே அண்ணன் கேஎல்லில் (கோலாலம்பூரில்) ஒரு கம்பெனியில் அடிப்படைச் சம்பளத்துக்குச் சேர்ந்து, நாலு பேரோடு ஒரே அறையில் படுத்திருந்தால் இந்தச் சம்பந்தம் நின்றிருக்காது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). பட்டணத்தில் அதை வாங்கி, அறை வாடகை, மோட்டார் தவணை, சாப்பாடு எல்லாம் போக ஒருவன் கையில் என்ன மிஞ்சும்? என் சம்பளம் அதைவிடக் கூடுதல்தான். ஆனாலும் மாதக் கடைசியில் அண்ணன் கையில் இருப்பது என் கையில் இருப்பதைவிட அதிகம். அப்பாவின் இனிப்புநீர் (நீரிழிவு) மருந்துக்குக் கிளினிக்கில் வரிசை பிடிப்பதும் அவர்தான்.

ஊரை விட்டுப் போவதே ஒரு தகுதியாகிவிட்டது. போனவன் அங்கே என்ன பாடுபடுகிறான் என்று பார்ப்பதில்லை, இருப்பவன் இங்கே என்ன சாதிக்கிறான் என்றும் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் மட்டும்தானா, மற்றத் தோட்டப்புற ஊர்களிலும் இப்படியா? இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜேபி_பாலம்

தங்கச்சி, நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன்.

உங்கள் அண்ணனுக்குக் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைத்தது, அதனால் சொல்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்க எத்தனை டாலர்?" ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது. அந்தப் பெருக்கல் நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இருட்டோடு எழுந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பேருந்தில் நின்றபடியே தூங்கி, இரவு அறைக்கு வரும்போது சாப்பிடத் தெம்பில்லாமல் கிடக்கிறேனே, அதை யாரும் கேட்கவில்லை.

மனைவி ஊரில் என் அம்மாவோடு இருக்கிறாள். ஜேபியில் குடும்பத்தோடு தங்கும் அளவுக்கு வீடு எடுத்தால் நான் பாலம் தாண்டுவதில் அர்த்தமே இல்லை. பிள்ளை என்னைப் பார்த்தால் முதலில் அவன் பாட்டி பின்னால் போய் நிற்கிறான், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

கெடா_வாசி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள், அதனால் பெண் வீட்டார் பக்கம் நின்றுதான் பார்க்க முடிகிறது.

எங்கள் பக்கம் கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே போய்த்தான் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), மருத்துவ அட்டை, போனஸ் என்று ஒரு ஒழுங்கான வாழ்க்கையைப் பார்த்தார்கள். லோரி ஓட்டும் பையனுக்கு இதில் எது இருக்கிறது? செம்பனை விலை இறங்கினால் என்ன ஆகும்? முதுகெலும்பில் அடிபட்டால் வீட்டுக்கு யார் சோறு போடுவது? ஒரு தகப்பன் இதை யோசிப்பதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊரில் இருக்கும் பையன் என்றால் ஏதாவது கும்பலில் இருப்பானோ என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாமான்_பையன்24

கெடா ஐயா, நான் நீங்கள் பயப்படும் அந்த ஊர்ப் பையன்தான். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தேன், இப்போது மோட்டாரில் சாப்பாடு விநியோகம், வார இறுதியில் பந்தல் போடும் வேலை. எந்தக் கும்பலிலும் இல்லை. ஆனால் நாங்கள் நாலு பேர் கடை முன்னால் நின்று தே தாரே குடித்தாலே போலீஸ் வண்டி மெதுவாகிறது. ஈப்போவில் ஒரு கடையில் வேலைக்குப் போனபோது ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னதும் அந்த முதலாளியின் முகமே மாறிவிட்டது. அவர்கள் பார்க்கிற பார்வையை நீங்களும் பார்த்தால் நாங்கள் எங்கே போவது?

லயத்து_மூத்தவர்

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று கமுனிங் பிள்ளை கேட்டிருக்கிறாள். எனக்கு 61 வயது, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வீடு நம்முடையது கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. அப்பாவுக்கு 55 ஆகி ஓய்வு கொடுத்தால் லயத்தைக் காலி பண்ண வேண்டும். போவதற்கு இடம் கிடையாது. கையில் இருப்பது கொஞ்சம் சேமநிதி, அதில் வீடு வாங்கவும் முடியாது. அப்போது குடும்பத்துக்கு இருந்த ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவர் செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) பெயர் பதிந்து தோட்ட வேலைக்கு வருவது. ஒரு பிள்ளை பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றால் வீடு தங்கும், வீடு தங்கினால் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம்.

எந்தப் பிள்ளையை நிறுத்துவது? மக்குப் பிள்ளையை நிறுத்தினார்கள் என்றுதான் இன்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அப்பாவுக்கு ஓய்வு வந்த வருடம் யாருக்குப் பதினாறு, பதினேழு வயதோ அந்தப் பிள்ளை மாட்டும். எங்கள் வீட்டில் பெரியண்ணன். கணக்கில் புலி. கிராணியே (தோட்டத்துக் கணக்கரே) அவரைக் கூப்பிட்டுச் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார். அவர் மருந்து தெளிக்கும் தோம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார், நான் ஈப்போவுக்குப் படிக்கப் போனேன். பத்து வருடம் கழித்து உறவுக்காரர்களே என்ன சொன்னார்கள் தெரியுமா? "பெரியவனுக்குப் படிப்பு ஏறல, அதான் தோட்டத்துலயே நின்னுட்டான்." அண்ணன் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஆக, ஒருவர் நின்றதால்தான் மற்றவர்கள் போக முடிந்தது. அப்புறம் கதை தலைகீழாகிவிட்டது: திறமை உள்ளவன் போனான், இல்லாதவன் நின்றான். உங்கள் அண்ணனுக்குப் பெண் வீட்டார் சொன்ன காரணத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறகு தோட்டமே போய்விட்டது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோதே ஆட்டம் தொடங்கிவிட்டது. நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்ததே அதற்காகத்தான். மாதம் பத்து வெள்ளி போட்டு, தொழிலாளிகளே தோட்டத்தை வாங்க வேண்டும் என்ற எண்ணம். அப்பா போட்ட பத்து வெள்ளிக்கு ரசீது எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்தத் தலைமுறைக்கு, ஊரில் இருக்க வேண்டும் என்றால் மண்ணில் ஒரு பங்கு வேண்டும் என்று தெரிந்திருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் அவ்வளவு கைகள் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட கைகளும் இந்தோனேசியாவிலிருந்து, பங்களாதேஷிலிருந்து வந்தன. எங்களை எல்லாம் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கொண்டுபோய் விட்டது காலம். 1990இல் தொழிலாளர் வீடமைப்புத் தரத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள், 446ஆம் சட்டம். அது வந்தபோது லயத்தில் பாதி வீடு காலி.

தாமானுக்கு வந்தபின் ஒருவர் நிற்க வேண்டிய கட்டாயம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. வயதான அப்பா அம்மா, வங்கித் தவணை, கோயில் வேலை, இழவு வீடு, எல்லாவற்றுக்கும் இன்னும் ஒரு பிள்ளை நிற்கிறது. செக்ரோல்தான் இல்லை.

கமுனிங்_மகள்

மூத்தவர் ஐயா, இதைப் படித்துவிட்டு அப்பாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீங்கள் சொன்ன அதே வரிசையில் அவரும் சொன்னார். என் சின்னத்தை பதினேழு வயதில் பெயர் பதிந்ததால்தான் அப்பா லோரி ஓட்டப் பழகப் போனாராம். எங்களுக்கு அத்தையைத் தெரியும், அவர் ஏன் படிக்கவில்லை என்று இத்தனை வருடம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மல்லிகை_வாசல்

அண்ணன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊரில் நிற்கும் தங்கச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

எனக்கு 33. ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வராது. அண்ணன் கேஎல்லில், தம்பி பினாங்கில். இருவரும் பணம் அனுப்புகிறார்கள், தீபாவளிக்கு வருகிறார்கள், அம்மாவுக்குப் புதுச் சேலை எடுத்து வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் யாராவது எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் சொல்வார்கள்: "பெரிய பையன் கணினித் துறையில, சின்னவன் சூப்பர்வைசர், பொண்ணு வீட்டுல இருக்கா." நான் காலை எட்டு மணிக்குக் கிளினிக் கதவைத் திறக்கிறவள். என் சம்பளத்தில்தான் வீட்டு வேலைக்கு ஓர் ஆளும் வைத்திருக்கிறேன். இருந்தும் நான் வீட்டில் இருக்கிறேன்.

பையன் ஊரில் நின்றால் தோற்றுப்போனவன் என்கிறார்கள். பெண் நின்றால் அது இயற்கை என்கிறார்கள். அவள் எதையாவது விட்டுக்கொடுத்தாள் என்ற எண்ணம்கூட யாருக்கும் வருவதில்லை. தோற்றதாகச் சொன்னாலாவது எதிர்த்துப் பேசலாம்.

சம்பந்தம் வருகிறது. வருகிறவர்கள் எல்லாரும் நான் ஊரை விட்டு வர வேண்டும் என்கிறார்கள். அம்மாவை என்ன செய்வது என்று கேட்டால், "உங்க அண்ணன் பார்த்துக்க மாட்டாரா?" அண்ணனின் அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கி அடிக்கடி நின்றுபோகும், சக்கர நாற்காலியோடு அம்மா எப்படி இறங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவோடு சேர்த்து என்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் இந்த ஊர்க்காரர்தான். உங்கள் அண்ணனைப் போல ஊரில் நின்றவர். அவரைத்தான் என் அண்ணன் வேண்டாம் என்கிறார். காரணம் என்ன? "ஊர்லயே இருக்கான்." ஊரிலேயே இருக்கும் தங்கைக்கு.

அவரோடு பேச வேண்டும் என்றால் நாங்கள் ஈப்போவுக்குப் போகிறோம். தனித்தனியாக. இங்கே மார்க்கெட் ரோட்டில் ஐந்து நிமிடம் நின்று பேசினால் நான் வீடு திரும்புவதற்குள் அம்மாவுக்குச் செய்தி வந்துவிடும். 33 வயதில், சொந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருத்திக்கு இந்த நிலை என்றால் 20 வயதுப் பிள்ளைகள் எவ்வளவு ஒளிந்து வாழ்வார்கள்? பினாங்குக்கும் கேஎல்லுக்கும் போகும் பெண் பிள்ளைகள் எல்லாரும் வேலைக்காக மட்டும் போவதில்லை, இந்தக் கண்களிலிருந்து தப்பிக்கவும் போகிறார்கள். அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஜேபி_பாலம்

மல்லிகை, உங்கள் பதிவை என் மனைவிக்கு அனுப்பியிருக்கிறேன். என் அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். நன்றி.

ஈப்போ_மழை

ஒரு விஷயத்தை இதுவரை யாரும் தொடவில்லை. "ஊரிலேயே இருக்கிறார்" என்பது பல இடங்களில் வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் கேள்வி "என்ன ஆளுங்க?" என்பது. என் கல்யாணப் பேச்சு அப்படித்தான் நின்றது. முதலில் வேலை சரியில்லை என்றார்கள், வேலை மாறியதும் ஊர் சரியில்லை என்றார்கள், கடைசியில்தான் உண்மை வந்தது.

பட்டணத்துக்கு வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று நம்பினோம். தோட்டத்தில் அது எப்படி வேரூன்றியது என்று பாருங்கள். ஆட்களை மேய்க்கும் கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்குப் போய், தன் சனத்திலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்துக் கூட்டி வந்தான். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அப்படித்தான் ஆட்கள் வந்தார்கள். ஊர் ஊராக வந்தவர்களோடு அந்த ஊரின் மேல் கீழ் எல்லாம் கப்பல் ஏறி வந்தது. தோட்டத்தில் யார் எவர் என்று எல்லாருக்கும் தெரியும். தாமானில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, அதனால் இப்போது தரகரிடம் கேட்கிறார்கள்.

சட்டத்தில் பிரச்சினை இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 21 வயது ஆகிவிட்டால் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, 21 நாள் அறிவிப்பு முடிந்ததும் ஆர்ஓஎம் (பதிவுத் திருமணம்) செய்துகொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் பதிந்த பிறகு ஊருக்குள் போய் வாழ முடிந்ததா என்றால், முடியவில்லை. ஈப்போவில் இருக்கிறோம், ஊர் முக்கால் மணி நேரத்தில், என் மாமியார் இன்னும் வந்து பார்க்கவில்லை. ஆகவே நாங்களும் போனவர்கள் கணக்கில் இருக்கிறோம், போக விரும்பாமலே.

நெறியாளர்

நல்ல விவாதம், தொடருங்கள். சாதிப் பெயர்களையும், ஊரில் இருப்பவர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்க்கவும். ஒரு பதிவை அதற்காக நீக்கியிருக்கிறேன்.

கமுனிங்_மகள்

ஈப்போ மழை, எங்கள் விஷயத்தில் அது காரணம் இல்லை. இரு வீட்டாரும் தூரத்து உறவு. ஆனால் நீங்கள் சொன்னபின் வேறு இரண்டு சம்பந்தங்கள் ஏன் அப்படிச் சட்டென்று நின்றன என்று இப்போது யோசிக்கிறேன்.

பேராக்_டீச்சர்

இடைநிலைப் பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் பங்கையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்றாம் படிவத்திலிருந்தே பிள்ளைகள் கேட்பது "நல்லாப் படி, இல்லன்னா இங்கயே கிடக்க வேண்டியதுதான்" என்பதைத்தான். வீட்டிலும் அதுவே, கோயில் விழா மேடையிலும் அதுவே. இந்த ஊர் ஒரு தண்டனை என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பிறகு அந்த ஊரில் இருப்பவனை யார் மதிப்பார்கள்?

2024இல் எஸ்பிஎம்மில் 10ஏ (பத்துப் பாடங்களில் ஏ) எடுத்த மாணவர்கள் எல்லாருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்ல செய்தி, பல வருடக் கோரிக்கை. ஆனால் எங்கள் மாதிரிப் பள்ளியில் 10ஏ எத்தனை பேர்? மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நாலைந்து பாடத்தில் தேறிய பையனிடம் எஸ்கேஎம் (தொழில்திறன்) சான்றிதழ் பற்றி, ஈப்போ ஐஎல்பியில் (அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில்) இருக்கும் பயிற்சிகள் பற்றிப் பேச நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். பெற்றோர் முகத்தில் முதலில் வருவது அவமானம். வெல்டிங் படிக்கப் போகிறான் என்று உறவினரிடம் சொல்ல மாட்டார்கள். தனியார் கல்லூரியில் பிடிபிடிஎன் (அரசு உயர்கல்வி நிதி) கடன் வாங்கி, பெயர் மட்டும் பெரிதாக உள்ள ஒரு டிப்ளோமாவில் சேர்ப்பார்கள். அந்தக் கடன் அவன் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம், மறைக்க விரும்பவில்லை.

பெண் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே பெண்கள்தான் அதிகம், எங்கள் ஊரிலும் அப்படியே. பெண்கள் பட்டம் வாங்கிப் போகிறார்கள், ஆண்கள் ஊரிலும் லோரியிலும் தொழிற்சாலை ஷிப்டிலும் நிற்கிறார்கள். இரு பக்கமும் கல்யாண வயதில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் சந்திக்கும் இடம் இல்லை. தரகரின் கைபேசியில்தான் சந்திக்கிறார்கள். அங்கே வேலை, ஊர், சம்பளம் என்று மூன்று வரிதான். கமுனிங்கின் அண்ணன் அந்த மூன்று வரியில் தோற்றார். அவரோடு அரை மணி நேரம் பேசியிருந்தால் அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாள் என்பது யாருக்கும் தெரியாது. பெண்ணிடம் கேட்டார்களா என்பதே தெரியாது.

கெடா_வாசி

டீச்சர், மூத்தவர் ஐயா, எல்லாம் படித்தேன். மனம் கனத்தது. இருந்தாலும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அடிபட்டால் என்ன? வயதானால் என்ன? தியாகம் வேறு, பாதுகாப்பு வேறு.

தாமான்_பையன்24

ஐயா, நான் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தேடித் தெரிந்துகொண்டேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. முதலில் டாக்சி, வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு, பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரித்தார்கள். வேலையில் விபத்து என்றால் இழப்பீடு உண்டு. வருடச் சந்தா கட்டியிருக்கிறேன். சேமநிதியிலும் ஐ-சாரான் என்று ஒன்று உண்டு. முதலாளி இல்லாதவர்கள் தாங்களாகப் போட்டால் அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. 2025 ஆகஸ்டில் கிக் (நிரந்தர முதலாளி இல்லாமல் வேலைக்கு வேலை கூலி வாங்கும்) தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியது. எங்களை மாதிரி ஆட்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வந்தது அது.

என் கூட்டாளிகளில் பாதிப் பேர் இதையெல்லாம் பதியவில்லை. சோம்பல் காரணம் இல்லை. இதெல்லாம் தற்காலிக வேலை, நாளைக்கு ஊரை விட்டுப் போகப் போகிறோம் என்று நினைப்பதால் பதிவதில்லை. நாலு வருடமாக நாளைக்குப் போகப் போகிறார்கள். ஊரில் இருப்பது ஒரு வாழ்க்கை என்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் முதல் நாளே பதிந்திருப்போம்.

கெடா_வாசி

தம்பி, இது எனக்குத் தெரியாத தகவல். நன்றி. அப்படியானால் என் மகளுக்குப் பையன் பார்க்கும்போது எந்த ஊரில் இருக்கிறான் என்பதைவிட, சொக்சோ கட்டுகிறானா, சேமநிதி போடுகிறானா, கடன் எவ்வளவு என்று கேட்பதுதான் முறை. கும்பல் பற்றிய பயம் எனக்குப் போகவில்லை, அதை விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டேன். ஆனால் கேஎல்லில் இருக்கும் பையனையும் அப்படியே விசாரிப்பேன். அங்கே இருப்பவனை விசாரிக்காமல் விடுவது நியாயமில்லை.

லயத்து_மூத்தவர்

கெடாக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. நின்ற பிள்ளைக்கு வெளியார் மரியாதை கொடுக்காதது ஒரு பக்கம். குடும்பம் என்ன கொடுத்தது? பெரியண்ணன் இருக்கும் வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது.

பேராக்_டீச்சர்

ஐயா, இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படிதான் பங்கு. கணவர் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்து, இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியைப் பிள்ளைகள் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை, அது நல்லதுதான். ஆனால் இருபது வருடம் கூட இருந்து தவணை கட்டியவருக்கும், வருடத்துக்கு ஒருமுறை வந்துபோனவருக்கும் ஒரே பங்கு. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதை அந்தப் பகிர்வுக் கணக்கு பார்ப்பதில்லை.

மல்லிகை_வாசல்

என் வயிற்றைக் கலக்கிவிட்டீர்கள், டீச்சர். எங்கள் வீடு அம்மா பெயரில். கடைசி ஏழெட்டு வருடத் தவணை என் சம்பளத்தில் போயிருக்கிறது. அம்மாவுக்குப் பேச்சு தெளிவு, புத்தி தெளிவு, கைதான் வராது. அவர் உயில் எழுத முடியுமா?

பேராக்_டீச்சர்

முடியும். புத்தி தெளிவாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். கையெழுத்துப் போட முடியாவிட்டால் அவர் முன்னிலையில், அவர் சொல்லி வேறொருவர் போடலாம். ஒன்றை மறக்காதீர்கள்: உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது, இருந்தால் அந்தப் பங்கு செல்லாது. பக்கவாதம் வந்தவர் என்பதால் மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கி, வழக்கறிஞர் மூலமே செய்துவிடுங்கள். பின்னால் யாரும் கேள்வி எழுப்ப இடம் வைக்காதீர்கள். அண்ணனையும் தம்பியையும் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்வது நல்லது. மறைத்துச் செய்தால் உறவு கெடும்.

மூத்தவர் ஐயா, உங்கள் அண்ணன் வீட்டுக்கு நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வு மனு கொடுக்கலாம். உடன்பிறந்தவர்கள் தங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் அங்கேயே விசாரணை நாளில் சொல்லிவிடலாம்.

லயத்து_மூத்தவர்

பெரியண்ணனைத் தவிர நாங்கள் ஐந்து பேர். மூன்று பேரிடம் இன்று பேசிவிட்டேன், சம்மதம். நாலாவது ஆள் தங்கை, ஆஸ்திரேலியாவில், இரவு கூப்பிடுகிறேன்.

கமுனிங்_மகள்

எங்கள் வீடு அப்பா பெயரில், வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. அப்படி இருந்தாலும் உயில் எழுதலாமா, டீச்சர்? அப்பா என்னிடம் கேட்கச் சொன்னார். என் பங்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் சத்தம் போட்டார், நான் விடவில்லை.

பேராக்_டீச்சர்

எழுதலாம். வீட்டோடு கடனும் சேர்ந்தே போகும். அப்பா கடன் வாங்கியபோது எம்ஆர்டிஏ காப்புறுதி எடுத்திருந்தால், அவர் காலத்துக்குப் பிறகு மீதிக் கடனை அது அடைக்கும். வங்கிக் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் சேமநிதி வாரிசு நியமனம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் நியமித்த பழைய பெயர் பலருக்கு அப்படியே கிடக்கிறது.